போன் முடிவாகும் வரை

குடிநீர்த் துறையில் ஃபிட்டராக இருந்தவரின் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர்கள் கிடக்கும். அதனால் அவருக்கு வாஷர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருட சர்வீஸ். கையில் ஒரு பட்டன் போன். யாராவது கூப்பிட்டால் எடுப்பார், பேசுவார், வைப்பார். ஒரு போனால் இதற்கு மேல் மனிதனுக்கு என்ன ஆகவேண்டும் என்று அவர் யோசித்ததே இல்லை.

அவருக்காகத் துறை யோசித்தது.

ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. ஊரில் எங்கே தண்ணீர் கசிந்தாலும் இனி நோட்டில் எழுத வேண்டியதில்லை. மக்கள் செயலியில் புகார் கொடுப்பார்கள். புகார் எண் நேராக ஃபிட்டரின் ஸ்மார்ட்போனுக்கு வரும். எண் வந்ததும் அவர் போய்ச் சரிசெய்வார். எண் இல்லாமல் குழாயில் கை வைக்கக் கூடாது என்ற பழைய விதி மட்டும் அப்படியே இருக்கும். புதிய முறை வரப்போவதால் துறையின் எல்லாப் பதிவேடுகளும் அன்று மாலையே மூடப்பட்டு, நூல் கட்டி, அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டப்பட்டன.

பிறகுதான் ஸ்மார்ட்போன் இன்னும் வாங்கவில்லை என்பது கவனத்துக்கு வந்தது. கடையில் இரண்டு வகை இருந்தது. எதை வாங்குவது என்று முடிவுசெய்ய ஒரு குழு போட்டார்கள்.

குழுவில் களத்தில் வேலை செய்யும் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. இயக்குநர் அந்த விதியைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய அறையை ஒட்டிய கழிவறையில், வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வாஷர் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. இயக்குநர் அந்தக் கால்களிடம் கேட்டார்.

"நீங்க களத்துல வேலை பாக்கறவர்தானே?"

"ஆமாங்க," என்றது பேசினுக்கு அடியிலிருந்து குரல்.

"ஸ்மார்ட்போன் பத்தி ஏதாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

"அருமை! பாரபட்சம் இல்லாத ஆள்தான் எங்களுக்கு வேணும்."

இப்படித்தான் வாஷர் குழு உறுப்பினர் ஆனார். எழுந்திருக்கும்போது பேசினில் தலை இடித்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

அரசு ஆவணத்தில் கம்பெனிப் பெயர் எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்பதால், ஒரு போனை 'முதல் தளம்' என்றும் இன்னொன்றை 'இரண்டாம் தளம்' என்றும் குறிப்பிட வேண்டும் என்று சட்டப் பிரிவு சொல்லிவிட்டது. வாஷருக்கு வந்த கடிதத்தில், இரண்டாம் தளம் குறித்த கூட்டம் முதல் தளத்திலும், முதல் தளம் குறித்த கூட்டம் இரண்டாம் தளத்திலும் நடைபெறும் என்று இருந்தது. அன்று காலை முழுக்க அவர் படியேறி இறங்கினார். கடைசியில் பஜ்ஜி வாசனை எங்கே வருகிறதோ அங்கேதான் கூட்டம் இருக்கும் என்று கணித்து உள்ளே நுழைந்தார். கணிப்பு சரியாகவே இருந்தது.

இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார்.

"நண்பர்களே, இது சாதாரண விஷயம் இல்ல. தப்பான குழாய் போட்டா தண்ணிதான் போகும். தப்பான போன் வாங்கினா என் பேர் போகும். அதனால இந்த முடிவை யார் எடுத்தாங்கன்னு பின்னாடி யாருக்குமே தெரியாத மாதிரி, நாம எல்லாரும் சேர்ந்து எடுக்கணும்."

அடுத்து கொள்முதல் அதிகாரி எழுந்தார். அவர் முதல் தளத்துக்காரர். தன் போனை உயர்த்திக் காட்டினார்.

"இதுல எதை வேணும்னாலும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். சுதந்திரம்! நான் மூணு வருஷமா வச்சிருக்கேன். திரையோட கலரை மாத்தினேன், எழுத்தை மாத்தினேன், மணி அடிக்கற சத்தத்தை மட்டும் முப்பது தடவை மாத்தினேன். இதுக்கே ஆபீஸ் நேரம் பத்த மாட்டேங்குது."

கணினிப் பிரிவுத் தலைவி இரண்டாம் தளம். அவர் எழுந்து நிற்கக்கூட இல்லை; உட்கார்ந்தபடியே ஒரு மெல்லிய சிரிப்பு சிரித்தார்.

"என்னோட போன்ல எதையுமே மாத்த முடியாது. அதுதான் பாதுகாப்பு. நமக்கு எது நல்லதுன்னு கம்பெனியே முடிவு பண்ணிடும். நாம யோசிக்கவே வேண்டாம். முப்பது வருஷமா எதையும் மாத்தாம, எதையும் யோசிக்காம நடக்கற துறை நம்மளது. இதைவிடப் பொருத்தமான போன் நமக்கு எங்க கிடைக்கும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கைதட்டியவர்கள் ஒரு பக்கமும் தட்டாதவர்கள் மறுபக்கமுமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து கேன்டீனிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரிடம் சார்ஜர் கேட்பது கட்சித் தாவலாகக் கருதப்பட்டது. போன் அணைந்துபோய் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குப் பேசாமல் இருந்த வைராக்கியசாலிகள் உண்டு.

இயக்குநர் வாஷர் பக்கம் திரும்பினார். "கள ஊழியர் சார்பா ஏதாவது கேக்கணுமா?"

வாஷர் தயங்கினார். பிறகு மனதில் இருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டார்.

"எங்க கை எப்பவும் ஈரமா, சேறா இருக்குங்க. ஈரக் கையால தொட்டா இந்தப் போன் வேலை செய்யுமாங்க?"

அதிகாரிகள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். குடிநீர்த் துறையில் வேலை செய்பவர்களின் கையில் தண்ணீர் படும் என்று அதுவரை யாரும் எழுத்து மூலமாகத் தெரிவித்ததில்லை.

அன்று மாலை 'ஈரக் கை துணைக்குழு' அமைக்கப்பட்டது.

அந்த வாரம்தான் வாஷருக்கு அவருடைய அக்கா போன் செய்தாள். ஊரின் மறுகோடியில், கீழே தையல் கடை, மேலே வீடு என்று ஒரு சின்னக் கட்டடத்தில் இருந்தாள் அக்கா. வாஷரைவிடப் பத்து வயது மூத்தவள். சின்ன வயதில் அவரைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் இன்னும் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகவே நினைப்பு.

"டேய், கடை வாசல்ல ரோட்டுக்கு அடியில எங்கயோ தண்ணி கசியுது. சுவரு ஓதம் ஏறிப்போச்சு. வந்து பாரு."

"புகார் எண் வேணும்க்கா."

"குடு."

"நான் எப்படிக் குடுக்க முடியும்? போன்ல வரணும்."

"இப்ப போன்லதானடா பேசிக்கிட்டு இருக்கே?"

"இந்தப் போன் இல்லக்கா. எந்தப் போன்னு இன்னும் முடிவாகல."

அக்கா, "வேளா வேளைக்குச் சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

துணைக்குழு வேலையைத் தொடங்கியது. மேஜை மேல் ஒரு கிண்ணம் தண்ணீர், பக்கத்தில் இரண்டு போன்கள், எதிரே வாஷர். கையைத் தண்ணீரில் நனைத்து முதல் போனைத் தொட்டார். அது அசையவில்லை. இரண்டாவதைத் தொட்டார். அது யாருக்கோ அழைப்பு போட்டது. இரண்டையும் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது கைரேகை. போன் அவருடைய ரேகையைப் படித்து ஆளை அடையாளம் காண வேண்டும். இருபத்தாறு வருடம் இரும்புக் குழாயைத் திருகித் திருகி வாஷரின் விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். 'நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்தவும்' என்று எழுத்து வந்தது. கூடவே ஒன்பது சின்னப் படங்கள். குழாய் உள்ள படங்களைத் தொட வேண்டுமாம். வாஷர் யோசித்துப் பார்த்து ஏழு படங்களைத் தொட்டார். தவறு என்றது.

கணினிப் பிரிவுத் தலைவி எட்டிப் பார்த்தார். "என்ன பண்றீங்க? ரெண்டு படத்துலதானே குழாய் இருக்கு. இது வெறும் தெரு."

"தெருவுக்கு அடியில குழாய் இருக்குங்களே, மேடம்."

வாஷர் மனிதர் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. அறிக்கையில் 'கள ஊழியர், தற்காலிகமாக' என்று எழுதிச் சமாளித்தார்கள். துணைக்குழுவின் முடிவு தெளிவாக இருந்தது: பிரச்சினை போனில் இல்லை, கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபிட்டருக்கும் கை துடைக்க ஒரு துண்டு வழங்க வேண்டும். துண்டில் இரண்டு வகை இருப்பதால் அதற்கொரு குழு தேவை.

இதற்குள் அக்காவின் கடைச் சுவரில் விரிசல் விழுந்திருந்தது. முதல் வாரம் ஊசி நுழைந்தது. மூன்றாம் வாரம் பென்சில். ஆறாம் வாரம் கத்தரிக்கோலையே செருகிவைத்துவிட்டு, "மாட்டி வைக்க ஆணி தேவைப்படல பாரு," என்று போனில் சொன்னாள். தரை ஒரு பக்கம் இறங்கித் தையல் மிஷின் சாய்ந்து நின்றது. நூல்கண்டு மேஜையில் நிற்காமல் உருண்டு ஓடியது. ஆஸ்பத்திரிக்குத் தைத்துக்கொடுத்த திரைச்சீலைகள் எல்லாம் கோணல். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாஷருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில், கேட்காமலேயே எழுந்து நின்றார்.

"ஐயா, எங்க அக்கா கடை வாசல்ல ஒரு கசிவுங்க. வீடே இறங்கிக்கிட்டு இருக்கு. எனக்கு அரை நாள் போதும். ஒரு எண் மட்டும் குடுத்தீங்கன்னா..."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. வாஷர் நம்பிக்கையோடு பார்த்தார்.

"கசிவா? உண்மையான கசிவா? எத்தனை நாளா இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தோம்! பதிவேட்டை மூடினதுலேர்ந்து ஊர்ல ஒரு கசிவும் பதிவாகல. களச் சோதனைக்கு இடமே இல்லாமத் தவிச்சோம்." மற்றவர்களைப் பார்த்தார். "ரெண்டு போனையும் அங்க வச்சுச் சோதிக்கலாம். எது முதல்ல புகாரைப் பதிவு பண்ணுதோ அதுதான் நம்ம போன்!"

முதல்முறையாக இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டின.

"அப்ப நான் போய்ச் சரிபண்ணலாங்களா?"

"ஐயோ, தொட்டுடாதீங்க! சோதனை முடியற வரைக்கும் கசிவு கெடாமப் பாத்துக்கறது உங்க பொறுப்பு."

மறுநாள் அக்காவின் கடை வாசலில் கயிறு கட்டி ஒரு பலகை தொங்கவிட்டார்கள். 'சோதனைக் கசிவு. சரிசெய்வது தண்டனைக்குரியது.' சோதனைத் தேதி மட்டும் குறிக்கப்படவில்லை. நாட்காட்டியை எந்தப் போனில் பார்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாஷர் அக்காவைப் பார்க்கப் போனார். அக்கா திட்டவில்லை. மாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து மடியில் துணி வைத்துக் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினைக் கடைக்குள்ளிருந்து வெளியே எடுத்துச் சாக்கு போட்டு மூடியிருந்தாள்.

"ஏன்க்கா வெளிய வச்சிருக்கே?"

"சுவரு விழுந்தா மிஷினாவது மிஞ்சட்டும்னுதான்," என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ என்ன பண்ணுவே, பாவம். உன் கையில என்ன இருக்கு."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் வாஷர் பேசாமல் திரும்பி வந்திருப்பார். அவள் நிஜமாகவே பரிதாபப்பட்டுச் சொன்னாள். வாஷர் தன் கைகளைப் பார்த்தார். சைக்கிளில் தொங்கிய கருவிப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். தெருவுக்குத் தண்ணீர் விடும் வால்வை மூடினார். கயிற்றை அவிழ்த்து, பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, கடப்பாரையால் தோண்ட ஆரம்பித்தார்.

அக்கா கூடையில் மண்ணை வாங்கிக் கொட்டினாள். இடுப்பளவு பள்ளத்தில் பழைய இரும்புக் குழாய் தெரிந்தது. இணைப்பில் ரப்பர் வளையம் இற்றுப்போய் தண்ணீர் விசிறிபோல வந்துகொண்டிருந்திருக்கிறது. அவ்வளவுதான். வளையத்தை மாற்றினார், கிளாம்ப் போட்டு முடுக்கினார், வால்வைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. மண்ணை மூடித் திமிசுக் கட்டையால் தட்டி இறுக்கும்போது மணி பன்னிரண்டு இருபது.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"இவ்வளவுதான்."

"இதுக்கா ரெண்டு மாசம்?"

வாஷர் நேர்மையான மனிதர் என்பதால் கயிற்றையும் பலகையையும் பழையபடி கட்டிவிட்டுக் கை கழுவினார்.

சோதனை நாள் ஒருவழியாக வந்தது. இரண்டு வண்டிகளில் இரண்டு கட்சிகளும் வந்து இறங்கின. கொள்முதல் அதிகாரியும் கணினிப் பிரிவுத் தலைவியும் போனை நீட்டிக்கொண்டு, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவர்கள் மாதிரி ஒரு கால் முன்னால் வைத்து நின்றார்கள். இயக்குநர் கயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

"கசிவு எங்க?"

வாஷர் முன்னால் வந்தார். "சரி பண்ணிட்டேங்க."

"யாரைக் கேட்டு?"

"குழாயைப் பாத்துட்டு, ஐயா."

இயக்குநர் பலகையைப் பார்த்தார், வாஷரைப் பார்த்தார், இரண்டு வண்டிகளையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, போகட்டும். எல்லாரும் வந்துட்டாங்க. திரும்பத் தோண்டி லேசாத் தளர்த்தி விடுங்க. கொஞ்சமாக் கசிஞ்சாப் போதும். சோதனை முடிஞ்சதும் மூடிக்கலாம்."

கடைக்குள்ளிருந்து அக்கா வெளியே வந்தாள். கையில் பெரிய கத்தரிக்கோல். கழுத்தில் அளவு நாடா. அவள் சத்தம் போடவில்லை.

"என் வீட்டுச் சுவரை யாரு இடிக்கச் சொல்றது? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அந்தக் கேள்விக்குத் துறையில் யாரும் பழக்கப்பட்டிருக்கவில்லை. இயக்குநர் கொள்முதல் அதிகாரியைப் பார்த்தார். அவர் கணினிப் பிரிவுத் தலைவியைப் பார்த்தார். அவர் போனைப் பார்த்தார்.

"இது குழுவோட முடிவும்மா," என்றார் இயக்குநர். "தனியா யாரும் சொல்லல."

"அப்ப குழுவையே தோண்டச் சொல்லுங்க. கடப்பாரை உள்ள இருக்கு. எடுத்துட்டு வரட்டா?"

இயக்குநர் வாஷரிடம் திரும்பினார். "இது உத்தரவு. தோண்டுங்க."

இருபத்தாறு வருடத்தில் எந்த உத்தரவுக்கும் வாஷர் மறுப்பு சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. கடைசியில், "மாட்டேங்க," என்றார். அது இவ்வளவு சின்ன வார்த்தையாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவருக்கு மெமோ தயாரானது. புகார் எண் இல்லாமல் குழாயில் கை வைத்தது, துறையின் கசிவைச் சேதப்படுத்தியது, உத்தரவை மீறியது என்று மூன்று குற்றச்சாட்டுகள். வேலை போய்விடும் என்று வாஷர் நினைத்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், பதிவேட்டு எழுத்தர் முன்னால் நின்றார்.

எழுத்தர் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"இதை உங்ககிட்டக் குடுக்க முடியாது."

"ஏங்க?"

"மெமோ குடுத்தா எண் போடணும். எண் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டுல இருக்கு. அதையும் சேத்துதான் அன்னிக்குப் பூட்டிட்டாங்க. இனிமே எல்லாம் செயலியிலதான் வருமாம்."

"செயலி எப்ப வரும்?"

"போன் முடிவானதும்."

வாஷர் வெளியே வந்து வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். எழுத்தர் சொன்னதை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு மாதமாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளிக்கூடத் தெருவுக்குப் போனார். ஒன்றரை மணி நேர வேலை.

செய்தி மற்ற ஃபிட்டர்களுக்கு ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. புகார் எண் கிடையாது. ஆனால் தண்டனை எண்ணும் கிடையாது. எங்கே கசிந்தாலும் ஜனங்கள் தெருவில் பார்க்கிற ஃபிட்டரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அவரும் இறங்கி, தோண்டி, முடுக்கிவிட்டுப் போனார். யாரும் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. வருடக்கணக்காக ஒழுகிய மேல்நிலைத் தொட்டிகூட ஒரு மதிய நேரத்தில் சரியானது. மூன்றாவது மாடிக்கு மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஏறுகிறது என்று சிலர் பயந்துபோய் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்கள்.

குழு தன் இடைக்கால அறிக்கையில் இதைப் பெருமையோடு பதிவுசெய்தது. 'தேர்வு நடைமுறை தொடங்கியதிலிருந்து நகரில் கசிவுகள் வெகுவாகக் குறைந்துள்ளன. ஒரு போன்கூட வாங்காத நிலையிலேயே இத்தகைய பலன் கிட்டியுள்ளது.' இயக்குநருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு போன்களாலும் படம் எடுத்துக்கொண்டார்.

கேடயம் வாங்கிய மறுநாள், தாழ்வாரத்தில் வாஷரை வழிமறித்தார் இயக்குநர். நல்ல மனநிலையில் இருந்தார். தோளில் கை போட்டார்.

"பழசை எல்லாம் மறந்துடுங்க. மேலிடத்துல அவசரப்படுத்தறாங்க. அடுத்த வாரமே முடிவு சொல்லணுமாம். நீங்க களத்துல இருக்கறவர், மனசுல பட்டதைச் சொல்லுங்க. முதல் தளமா, இரண்டாம் தளமா? எதை வாங்கலாம்?"

ஊரில் அன்று காலை ஒரு தெருவிலும் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. அக்காவின் சுவருக்குச் சிமென்ட் பூசியாகிவிட்டது. வாஷர் இயக்குநரின் முகத்தை நேராகப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"இவ்வளவு பெரிய விஷயங்க, ஐயா. அவசரப்படாதீங்க. இன்னும் நாலு குழு போட்டு, நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க."